விற்றால் கமிஷன், விற்காவிட்டால் வணக்கம்

கையில் காசில்லாமல் வியாபாரம் தொடங்குகிறவனுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, விளம்பரம் கொடுத்து இருக்கிற காசையும் தொலைப்பது. இன்னொன்று, ஊரில் உள்ளவர்களை எல்லாம் விற்பனையாளராக்கி, விற்றால் மட்டும் கமிஷன் தருவது. என் மச்சான் முதல் வழியில் கொஞ்ச தூரம் போய்விட்டுத்தான் இரண்டாவதற்குத் திரும்பினார்.

மச்சானுக்கு ஊர் போர்ட் பிளேர். 2024-இல் அரசு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டது. ஆட்டோக்காரர்களுக்கு இன்னும் தகவல் போய்ச் சேரவில்லை. அந்தமானுக்கு வருகிறவர்களுக்கு அறை, வண்டி, ஸ்நார்கெலிங் எல்லாவற்றையும் பதிவு செய்து தரும் இணையதளம் ஒன்றை அவர் ஆரம்பித்தார். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலுக்கடியில் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கேபிள் வந்த பிறகுதான் எங்கள் தீவில் இப்படி ஒரு ஆசையே முளைத்தது. அதற்கு முந்தைய சாட்டிலைட் காலத்தில் ராதாநகர் கடற்கரைப் படம் ஒன்று முழுசாக இறங்குவதற்குள் சோறு வடித்து ரசமும் வைத்துவிடலாம்.

முதலில் கூகுள் விளம்பரம் கொடுத்தார். ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு. கிளிக் செய்தவர்களில் பலர், “அந்தமானுக்கு விசா வேணுமா சார்?” என்று கேட்டு, வேண்டாம் என்றதும் பரம திருப்தியோடு போய்விட்டார்கள். காசு மட்டும் திரும்பி வரவில்லை.

அப்புறம்தான் அஃபிலியேட் திட்டம். அமேசான் 1996-இலேயே தொடங்கிய ஏற்பாடு இது. ஆளுக்கொரு லிங்க் கொடுப்பார்கள். அந்த லிங்க் வழியாக வந்தவர் வாங்கினால் லிங்க்காரருக்குக் கமிஷன். வாங்காவிட்டால் வணக்கத்தோடு சரி. மச்சான் இதை விளக்கியதும் அபர்தீன் பஜார் ஆட்டோ ஸ்டாண்டில் ஒருத்தர்கூட ஆச்சரியப்படவில்லை. “லாட்ஜுக்கு ஆள் கூட்டிட்டுப் போனா கொடுக்கிறதுதானே? இதுக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?” என்று கேட்டார்கள். கேள்வி நியாயமானது. லாட்ஜ்காரர் யார் கூட்டிவந்தது என்று வாசலில் நின்று பார்த்துக்கொள்வார். இணையத்தில் வாசல் இல்லை. அதனால் குக்கி என்ற சின்னப் பதிவு ஒன்று வந்தவரின் உலாவியில் உட்கார்ந்து அந்தக் கணக்கை வைத்துக்கொள்கிறது.

முதலில் சேர்ந்தது சொந்தக்காரர்கள். விற்பவர்கள் பெருகினார்களே தவிர, வாங்குகிற ஆளைக் காணோம். அத்தை தன் லிங்க்கிலேயே தனக்கு அறை போட்டு, தனக்கே கமிஷன் கேட்டார். சித்தப்பா எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் லிங்க்கைப் போட்டுவந்தார். ஒரு குழுவில் யாரோ காலமான செய்திக்குக் கீழே, “ஆழ்ந்த இரங்கல். நீல் தீவுக்கு 10 சதவீதம் தள்ளுபடி” என்று போட்டதும் குழுவிலிருந்தே நீக்கப்பட்டார்.

“ஏண்டா தம்பி, நான் இவ்வளவு பேருக்கு அனுப்பிருக்கேன், ஒரு ரூபா வரலியே?” என்று மச்சானைக் கேட்டார்.

“சித்தப்பா, நீங்க அனுப்பினது எல்லாம் அந்தமான்லயே இருக்கிறவங்களுக்கு.”

அதற்குப் பிறகு மச்சான் உட்கார்ந்து விதிகள் எழுதினார். தன் லிங்க்கில் தானே வாங்கினால் கமிஷன் கிடையாது. விமான டிக்கெட்டிலும் அரசுக் கப்பல் டிக்கெட்டிலும் நமக்கே ஒன்றும் நிற்காது. அதனால் கமிஷன் அறைக்கும் ஸ்நார்கெலிங்குக்கும் மட்டும். மொத்த பில்லில் சதவீதம் கொடுத்தால் மாசக் கடைசியில் வீட்டுக்காரிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அதுவும் பயணம் முடிந்த பிறகே கமிஷன். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் ஃபீனிக்ஸ் பே துறையில் ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகு ரத்து. பயணிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சித்தப்பாவிடம் கொடுத்த கமிஷனைத் திரும்ப வாங்க முடியுமா?

குக்கியின் ஆயுளும் முக்கியம். அமேசானில் அது பொதுவாக 24 மணி நேரம். மிக்ஸி வாங்க அது போதும். மதுரையிலிருந்து ஒரு குடும்பம் அந்தமான் வர, பெரியப்பா சம்மதிக்க வேண்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடிய வேண்டும், விமானக் கட்டணம் இறங்க வேண்டும், கடைசி நேரத்தில் கொடைக்கானலே போதும் என்கிற மாமாவைச் சமாளிக்க வேண்டும். மச்சான் 90 நாள் வைத்தார். அதுவும் சில குடும்பங்களுக்குப் போதவில்லை.

இத்தனைக்கும் பிறகு அதிகம் விற்றது யார் தெரியுமா? ஏற்கெனவே எங்களோடு சுற்றிவிட்டுப் போன, ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர். அவர் எழுதியது இவ்வளவுதான்: “இந்த லிங்க்கில் பதிவு செய்தால் எனக்குக் கமிஷன் வரும். அறை சுத்தம். சாப்பாட்டில் காரம் குறைவு, ஊறுகாய் கொண்டுபோங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் படகில் ஏறும்போது கை பிடிக்கச் சொல்லுங்கள், பிடிக்கிறார்கள்.”

கமிஷன் வாங்குவதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-இல் இணையப் பிரபலங்களுக்கு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. டீச்சரம்மா அதைப் படித்திருக்கமாட்டார். சித்தப்பா மட்டும், “கமிஷன்னு சொன்னா எவன் வாங்குவான்?” என்றார். ஊறுகாய் விஷயத்தைச் சொன்னதால்தான் அறை சுத்தம் என்பதையும் ஜனங்கள் நம்பினார்கள் என்பது அவருக்குக் கடைசிவரை புரியவில்லை.

ஆட்டோக்காரர்களும் பிறகு சேர்ந்தார்கள். சீட்டுக்குப் பின்னால் ஒரு க்யூஆர் கோடு ஸ்டிக்கர், ஒவ்வொன்றிலும் தனி எண். மறுநாள் எங்கே போவது என்று தெரியாமல் இறங்குகிற பயணி, போகிற வழியிலேயே ஸ்கேன் செய்து ஸ்நார்கெலிங் பதிவு செய்துவிடுகிறார். பழைய தொழில், கணக்கு மட்டும் புதுசு.

விளம்பரத்துக்குக் காசில்லாமல் கடை திறக்கப் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை. சதவீதத்தைக் கூட்டிக் குறைத்து மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். சொன்ன தேதியில், கேட்பதற்கு முன்னால், கமிஷனைப் போட்டுவிடுங்கள். ஒரு மாசம் இழுத்தடித்தால் போதும், அபர்தீன் பஜார் ஆட்டோக்காரர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு அடுத்த கடைக்கு ஆள் கூட்டிப் போவார். அதற்கு அவருக்கு எந்த லிங்க்கும் தேவைப்படாது.