ஊவா மலைத்தோட்டங்களில் டிஜிட்டல் டியூனர் அட்டை: முதல், கரு, உரி நோக்கில் ஓர் ஆய்வு

பாயிரம்

கணினியைத் தொலைக்காட்சியாக்கும் டியூனர் அட்டை பற்றிய வழிகாட்டி நூல்கள் யாவும் அட்டையை எந்தத் துளையில் செருகுவது என்பதிலிருந்தே தொடங்குகின்றன. அட்டைக்குள் வந்து சேரவேண்டிய அலை எங்கிருந்து வரும் என்ற வினாவை அவை வாங்குபவரின் நற்பேற்றுக்கு விட்டுவிடுகின்றன. சமவெளியில் வாழ்வோருக்கு இது ஒரு குறையன்று. ஆனால் இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை, பசறை, லுணுகலை, ஹாலிஎல, ஹப்புத்தளை வட்டாரங்களின் தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், முன்னே ஒரு மலையும் பின்னே ஒரு மலையும் நிற்கும் காம்பராக்களில், அட்டை கடைசியாகவும் நிலம் முதலாகவும் ஆராயப்பட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் துணிபு. இதற்கேற்ற ஆய்வுமுறையைத் தொல்காப்பியம் முன்பே வகுத்து வைத்திருக்கிறது: நிலமும் பொழுதும் முதற்பொருள், அந்நிலத்தில் காணப்படும் பொருள்கள் கருப்பொருள், அங்கு நிகழும் ஒழுக்கம் உரிப்பொருள். தலைவனுக்கும் தலைவிக்கும் வகுத்ததை அலைக்கும் அட்டைக்கும் பொருத்தலாமா என ஐயுறுவோர், இரண்டிடத்தும் தொலைவிலுள்ள ஒன்றை எதிர்நோக்கிக் கூரைக்குக் கீழே ஒருவர் இருக்கிறார் என்பதைக் கருதித் தெளிக.

டியூனர் அட்டை என்பது, அன்டெனாவோ டிஷ்ஷோ பிடித்துத் தரும் பல அலைகளுள் வேண்டிய ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து, கணினி கையாளத்தக்க தரவாக மாற்றித் தரும் மின்சுற்றுப் பலகையாகும். அது அனலாக், டிஜிட்டல் என இரு வகைப்படும். அலையின் ஏற்ற இறக்கத்தையே நேரடியாகப் படமாக்குவது அனலாக்; படத்தை எண்களாக்கிச் சுருக்கி அனுப்பியதை மீண்டும் படமாக விரிப்பது டிஜிட்டல். முன்னது நலிந்த அலையிலும் நலிந்த படத்தைத் தரும். புள்ளி மழைக்கு நடுவே ஆடுபவர் எந்த அணியினர் என்பதையாவது ஊகிக்கலாம். பின்னதோ ஓர் எல்லை வரை முழுப் படத்தையும், அவ்வெல்லையைக் கடந்ததும் சில சதுரக் கட்டங்களையும், அதன்பின் ஒன்றுமின்மையையும் தரும்.

முதற்பொருள்: நிலம்

பதுளை நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீட்டர் உயரத்தில், சுற்றிலும் மலை சூழ அமைந்தது. நாட்டின் மிக உயர்ந்த மலையும் முதன்மை ஒளிபரப்புக் கோபுரங்களைத் தாங்குவதுமான பிதுருதலாகல, 2,524 மீட்டர் உயரத்தில், பதுளைக்கு நேர் மேற்கே சுமார் 30 கிலோமீட்டரில் உள்ளது. தென்கிழக்கே 2,036 மீட்டர் உயர நமுனுகுல மலையிலும் ஒளிபரப்புக் கோபுரங்கள் உண்டு. இவற்றை நிலப்படத்தில் மட்டும் காண்பவர், இரு கோபுரங்களுக்கிடையே வாழும் மக்களுக்கு என்ன குறை என்று கேட்கக்கூடும். தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. மலைமுகட்டைத் தாண்டியதும் அது உடனே கீழிறங்கிப் பள்ளத்தாக்கைத் தேடி வருவதில்லை. ஆகவே முகட்டில் உள்ள துரை பங்களாவுக்குத் தெளிவாகவும், நடுச்சரிவில் உள்ள தொழிற்சாலைக்குச் சுமாராகவும், ஆற்றோரத்து லயத்துக்கு ஒலி மட்டுமாகவும் ஒரே அலை படிநிலை பேணிச் சேர்வதைக் காணலாம். தோட்டத்தின் உத்தியோக வரிசையும் அலையின் வலுவும் ஒரே சரிவில் இறங்குவது தற்செயலே எனினும், ஆய்வாளர் அதைப் பதிவு செய்யாமல் விடுவதற்கில்லை.

இனி, தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு. இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் ஐ.டி.என். வழியாகவும், 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினி வழியாகவும் அனலாக் முறையில் தொடங்கியது. அதை டிஜிட்டலாக்க முற்பட்டபோது, முதலில் ஐரோப்பிய டிவிபி-டி2 முறையை நோக்கிச் சாய்ந்திருந்த நாடு, 2014 இல் ஐஎஸ்டிபி-டி எனும் ஜப்பானிய முறையை ஏற்றது. ஓர் அலைவரிசையை 13 துண்டுகளாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றைக் கைத்தொலைபேசிக்கென ஒதுக்கவும் வல்ல நுட்பமான முறை இது. கொழும்பில் தாமரைக் கோபுரமும் சுமார் 350 மீட்டருக்கு எழுந்து 2019 இல் திறந்துவைக்கப்பட்டது. ஆயினும் அனலாக்கை நிறுத்தி மக்களை டிஜிட்டலுக்கு மாற்றும் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. இதனால் விளைந்த நிலை நூதனமானது: டிவிபி-டி2 அட்டை வாங்கியவரிடம் நாடு கைவிட்ட முறைக்குரிய கருவியும், ஐஎஸ்டிபி-டி அட்டை வாங்கியவரிடம் நாடு கைக்கொண்டும் தொடங்காத முறைக்குரிய கருவியும் உள்ளன. ஜப்பானிலிருந்தே அட்டை தருவிக்க எண்ணுவோர், அங்கு அலைவரிசை அகலம் 6 மெகாஹெர்ட்ஸ் என்பதையும் இலங்கையின் யூஎச்எஃப் பட்டையில் அது 8 மெகாஹெர்ட்ஸ் என்பதையும் அறிந்து அமைதி பெறுக.

நிலம் இவ்வாறு கைவிட்டபின் எஞ்சுவது வானம். இங்குதான் ஊவா மலைநாடு எவரும் எதிர்பாராத செல்வச் செழிப்புடன் விளங்குகிறது. நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழல்வதால் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் செயற்கைக்கோள்கள் உள்ளன. தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையைச் சுமக்கும் ஜிசாட்-15 கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் நிற்கிறது. பதுளையோ வட அகலாங்கு 7 பாகை, கிழக்குத் தீர்க்கரேகை 81 பாகை. இவ்வெண்களைக் கொண்டு கணித்தால், அக்கோள் கிழக்கிலிருந்து ஏறத்தாழ 29 பாகை தெற்கே சாய்ந்த திசையில், அடிவானத்திலிருந்து 73 பாகை உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சிக்கு அருகே நிற்பது விளங்கும். நமுனுகுல மலையும் அப்பக்கந்தான் உள்ளதே எனில், பதுளையின் மட்டத்திலிருந்து வெறும் 5 கிலோமீட்டர் தொலைவில் நின்று பார்த்தாலும் அதன் உச்சி 16 பாகைக்கு மேல் ஏறாது. மலை மறைக்க முடியாத ஒரே ஒளிபரப்பாளர் செயற்கைக்கோளே.

இதற்கு வரலாற்றுச் சான்றும் உண்டு. இத்தகைய கோள்களால் உலகம் முழுதும் செய்தி பரப்பலாம் என 1945 இல் எழுதிய ஆர்தர் சி. கிளார்க், பின்னர் இலங்கையிலேயே குடியேறியவர். இந்தியா 1975 இல் செயற்கைக்கோள் வழிக் கல்வி ஒளிபரப்பைச் சோதித்தபோது, கொழும்பில் அவர் வீட்டில் இந்திய விண்வெளித் துறையினர் டிஷ் ஒன்றைப் பொருத்தித் தந்தனர். ஐ.டி.என். பிறப்பதற்கு ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் முன்பே இந்நாட்டில் தொலைக்காட்சி வானத்திலிருந்து இறங்கிவிட்டது என்பது இதனால் பெறப்படும். எனவே லயத்துக் கூரையில் டிஷ் வைப்பவர் புதுமை எதையும் செய்யவில்லை. மூத்த மரபையே பேணுகிறார்.

முதற்பொருள்: பொழுது

செயற்கைக்கோள் பயன்படுத்தும் கேயூ பட்டை, 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ் வரையிலான மிக நுண்ணிய அலைகளால் ஆனது. அவற்றைக் கனமழையின் துளிகள் உறிஞ்சியும் சிதறடித்தும் நலிவிக்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சான் காற்றாக யூலை முதல் செப்தெம்பர் வரை ஊவாவில் வீசும். கொழுந்து மெல்ல வளர்ந்து மணம் செறிவதும், ஊவாத் தேயிலை உலகச் சந்தையில் தன் சிறந்த விலையை நாடுவதும் அக்காலத்தில்தான். டியூனர் அட்டையின் அலைத்தரமும் அப்போதுதான் உச்சம் தொடுகிறது. தேயிலைக்கும் தொலைக்காட்சிக்கும் ஒரே வானிலை உகந்ததாயிருப்பது, ஏற்றுமதி ஆய்வுகளில் இதுவரை கவனம் பெறாத உண்மை.

இதற்கு மறுதலையாக, ஐப்பசியும் கார்த்திகையும் ஆகிய கூதிர் காலத்தில் கனமழை ஊவாவின் மேல் நேராக இறங்குகிறது. குறிஞ்சிக்குரிய பெரும்பொழுது கூதிர் என்றும், அது புணர்தலுக்கு உகந்தது என்றும் நூலோர் வகுத்தனர். பதுளைக் கூரைகளில் அதுவே பிரிதலின் காலமாக இருப்பதை உரையாசிரியர் எவரும் முன்னறிந்து கூறவில்லை. அவர்களிடம் டிஷ் இல்லாமை அதற்குப் போதிய காரணம்.

கருப்பொருள்

அட்டை, அது செருகப்படும் துளையால் வகை பெறும். பழைய கணினிகளில் நீண்ட பிசிஐ துளையும், பிந்தியவற்றில் குறுகிய பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையும் உண்டு. ஒன்றுக்குரியது மற்றதில் நுழையாது, அழுத்திப் பார்ப்பதால் நுழையவும் மாட்டாது. அலுவலகங்கள் கழித்துவிட்ட பாவித்த கணினிகள் மெல்லிய உடல் கொண்டவையாதலால், அவற்றுக்கு உயரம் குறைந்த அட்டையும் அதற்கேற்ற குட்டைத் தகடும் வேண்டும். செயற்கைக்கோள் அலைக்குரிய டிவிபி-எஸ்2 அட்டை பழைய டிவிபி-எஸ் அலையையும் வாங்குமாதலால் அதுவே தக்கது. பூட்டப்பட்ட கட்டண அலைவரிசைகளைத் திறக்க, சந்தா அட்டையை ஏற்கும் தனித் துளையும் அதற்குரிய உரிமையும் வேண்டும்; துளை கடையில் கிடைக்கும்.

டிஷ்ஷின் முன்னே நிற்கும் எல்என்பி என்பது, கேயூ அலையை 950 முதல் 2,150 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலையாக இறக்கி வயரில் அனுப்பும் கருவி. அட்டை அதற்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் அனுப்பி, நிலைக்குத்து அலையா கிடை அலையா எதை வாங்குவது எனக் கட்டளையிடும். ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கும் ஒழுங்கு இத்துறை முழுவதிலும் இங்கு மட்டுமே காணப்படுகிறது. ஆர்ஜி-6 எனும் 75 ஓம் வயரில் 1,000 மெகாஹெர்ட்ஸ் அலை 100 மீட்டர் ஓடினால் சுமார் 20 டெசிபெல் இழக்கும். அதாவது நூற்றில் ஒரு பங்கே மிஞ்சும். மேட்டில் அன்டெனா நட்டு, தேயிலைச் செடிகளுக்கூடாக வயரை லயம் வரை இழுத்து வருவோர், மீதித் தொண்ணூற்றொன்பது பங்கையும் தோட்ட நிர்வாகத்துக்கு நன்கொடையாக அளிக்கின்றனர்.

நீள்வட்ட ஓஃப்செட் டிஷ்ஷின் பார்வை அதன் முகத்தைவிட 20 முதல் 25 பாகை வரை மேலே இருப்பதால், 73 பாகைக் கோளுக்கு அதை 50 பாகை அளவில் நிமிர்த்தினால் போதும். நடுவில் குவியம் கொண்ட வட்ட டிஷ்ஷையோ முழு 73 பாகைக்கும் மல்லாத்த வேண்டும். ஐப்பசியில் அது மழைநீர்ச் சேகரிப்புத் திட்டத்தின் கீழ் வந்துவிடும்.

செயல்முறை

கணினியின் மின்தொடர்பைத் துண்டித்து, உடலின் நிலைமின்னேற்றம் அட்டையைக் கெடுக்காதவாறு பெட்டியின் வெற்று உலோகத்தைத் தொட்டு, அட்டையைத் துளையில் நேராக அழுத்தித் திருகாணியிட்டு, டிரைவர் எனும் இயக்கு மென்பொருளை நிறுவுதல் வேண்டும். கச்சான் காலத்தின் வறண்ட காற்றில் நிலைமின்னேற்றம் மிகும் என்பதால், அலைக்கு உகந்த காலமே அட்டைக்கு ஆகாத காலமாகவும் அமைகிறது. இடி முழங்கும் சித்திரை, ஐப்பசி மாலைகளில் வயரைக் கழற்றி வைத்தல் கணினிக்கும் வீட்டாருக்கும் ஒருங்கே நலம் பயக்கும்.

டிஷ்ஷைத் திருப்புதலில்தான் பெருஞ்சிக்கல் உள்ளது. அனலாக் காலத்தில் தகரக் கூரைமேல் ஒருவர், இஸ்தோப்பில் ஒருவர், பெட்டியின் முன் ஒருவர் என மூவர் கொண்ட அஞ்சல் முறை செம்மையாக இயங்கிவந்தது. மேலிருந்து "வருதா தம்பி?" என்ற வினாவும் கீழிருந்து "வருதுண்ணே, வருதுண்ணே, போயிருச்சு!" என்ற விடையும் படத்தின் ஏற்ற இறக்கத்தோடு உடனுக்குடன் இயைந்தன. டிஜிட்டல் அட்டை அலையைப் பற்றிப் படம் காட்டச் சில நொடிகள் எடுத்துக்கொள்வதால், கீழிருந்து விடை எழும்போது மேலிருப்பவர் அடுத்த கோணத்துக்குப் போய்விட்டிருப்பார். சரியான கோணத்தை அடைந்த நொடியில் "இல்லண்ணே" என்பதும், அதைத் தாண்டியபின் "அதான், அங்கேயே வைங்க!" என்பதும் இதனாலேயே. ஒரு முறை அசைத்துவிட்டுப் பத்து எண்ணும் வரை அசையாதிருத்தலே இதற்குத் தீர்வு. அது கூரைமேல் நிற்பவரின் பொறுமையைச் சார்ந்ததாதலால் பொறியியலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

தடையும் விடையும்

இத்துணை முயன்றும் திரையில் பெரும்பாலும் இந்தி அலைவரிசைகளே தோன்றுகின்றன; தமிழுக்கு, 2024 இல் டிடி தமிழ் எனப் பெயர் மாறிய பொதிகை முதலிய மிகச் சிலவே உள்ளன; இலங்கைத் தமிழ் அலைவரிசைகளான சக்தியும் வசந்தமும் நேத்ராவும் அங்கில்லை; எனவே இம்முயற்சி வீண் என்பாரும் உளர். அற்றன்று. தெளிவான இந்தியைப் பார்ப்பதும் தெளிவற்ற தமிழைப் பார்ப்பதும் வேறு வேறு இன்பங்கள். இரண்டும் வேண்டுவோர் அனலாக் அன்டெனாவைக் கழற்றாதிருப்பாராக.

பழைய டிவிபி-டி யூஎஸ்பி குச்சியை வாங்கிவிட்டவர் நிலை யாதெனின், அதன் உள்ளே ஆர்டிஎல்2832யூ எனும் சில்லு இருப்பின் அவர் கவலற்க. அச்சில்லைக் கொண்டு, உடனிருக்கும் டியூனரைப் பொறுத்து, ஏறத்தாழ 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த அலையையும் கேட்கலாம் என 2012 இல் பலரும் கண்டறிந்தனர். வானொலியும் விமானங்களின் அறிவிப்பலையும் அதில் அகப்படும். தொலைக்காட்சி ஒன்று நீங்கலாக அனைத்தையும் தரவல்ல தொலைக்காட்சிக் கருவி அதுவே.

உரிப்பொருளும் முடிபும்

இதுகாறும் கூறியவற்றால், டியூனர் அட்டைக்கு ஐந்திணையின் உரிப்பொருளும் பொருந்துவது தெளிவு. அட்டை அலையைப் பற்றுதல் புணர்தல். மழையிலும் மின்வெட்டிலும் அதை இழத்தல் பிரிதல். எல்லாம் சரியாயிருந்தும் டிரைவர் இணங்க மறுத்தல் ஊடல். கொடுத்த காசை எண்ணுதல் இரங்கல். தரைவழி டிஜிட்டல் வருமென அன்டெனாவைக் கழற்றாதிருத்தல் இருத்தல். நிலத்தால் குறிஞ்சியாகிய ஊவா, 2014 முதல் முல்லையின் ஒழுக்கத்தையே மேற்கொண்டிருக்கிறது. ஒரு திணையின் நிலத்தில் மற்றொன்றின் ஒழுக்கம் மயங்குவதை இலக்கணம் தடுக்கவில்லை; தொலைத்தொடர்பு ஒழுங்குமுறையும் தடுப்பதாகத் தெரியவில்லை.

ஆகவே இன்று வாங்குபவர் உயரம் குறைந்த டிவிபி-எஸ்2 அட்டையை வாங்குக. தரைவழி அட்டையை, திரையில் படம் தோன்றக் கண்ட அண்டை வீட்டாரிடம் கேட்டபின் வாங்குக. ரயில் பாதையில் 292 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கொழும்பின் டிஜிட்டல் எட்டாத லயத்துக்கு, 36,000 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோளின் டிஜிட்டல் எட்டுகிறது என்பது இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. மேலாய்வுக்கு ஒரு வினா எஞ்சுகிறது: தரைவழி டிஜிட்டல் வரும் நாளில், கோபுரங்களைத் தலையில் சுமக்கும் மலைகளின் அடிவாரத்தில் வாழ்வோருக்கும் சேர்த்துத்தான் அது திட்டமிடப்படுமா, அல்லது அவர்கள் தலைக்கு மேலே சமவெளிக்குப் போகுமா? இவ்வினாவுக்கு எந்த அட்டையும் விடை தராது. திட்டத்தை வரைபவர் பதுளைக்கு வந்து, கூரைமேல் ஒரு பிற்பகல் நின்று பார்த்தல் வேண்டும்.