பூட் ஆகிறது, பொறுங்கள்

2003 வாக்கில் என் மேசைக் கணினியில் லினக்ஸ் எழுந்து வருவதே ஒரு வேடிக்கை. கறுப்புத் திரையில் வரிவரியாக ஓடும். ஒவ்வொரு வரியின் வலது ஓரத்திலும் பச்சையாக ஒரு ‘ஓகே’ விழும். விழுந்துகொண்டே வந்து சென்ட்மெயில் வரியில் நின்றுவிடும். அது அஞ்சல் சர்வர். நான் அதன் வழியாக ஒரு கடிதம்கூட அனுப்பியதில்லை. பத்திரிகையோடு வந்த சிடியிலிருந்து தானாக ஏறிக்கொண்டது. டயல்-அப் போடுவதற்கு முன்பே அது தன் கணினியின் முழுப்பெயரை இணையத்தில் விசாரிக்கத் தொடங்கிவிடும். அம்மா காபி டம்ளரை வைத்துவிட்டு, “இன்னும் வரலையாடா உன் மிஷின்?” என்று கேட்டுவிட்டுப் போவார். ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது. எங்கே இடிக்கிறது என்பதைத் திரையே சொல்லிவிடும் காலம்.

இதைத் தவிர, சில வாரங்களுக்கு ஒருமுறை, ‘இத்தனை தடவை மவுன்ட் ஆகிவிட்டது, சோதித்தே தீருவேன்’ என்று வட்டுப் பரிசோதனை வேறு. அன்றைக்குக் குளித்துச் சாப்பிட்டே வரலாம்.

பிறகு உலகத்துக்கு அவசரம் பிடித்துக்கொண்டது. 2008-ல் இன்டெல் பொறியாளர்கள் இருவர் ‘ஈ பிசி’ என்கிற குட்டி லேப்டாப்பை ஐந்தே விநாடியில் எழுப்பிக் காட்டினார்கள். 2010-ல் சிஸ்டம்டி வந்தது: ஒன்றன்பின் ஒன்றாக எழுந்த சேவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழத் தொடங்கின. 2015-ல் உபுண்டுவும் டெபியனும் அதற்கு மாறின. பச்சை ‘ஓகே’க்களை மறைத்துக்கொண்டு ஒரு லோகோ வந்து உட்கார்ந்தது.

இத்தனை முன்னேற்றத்துக்கும் பிறகு என் 2012 லேப்டாப் அந்த லோகோவைக் காட்டியபடி அசையாமல் நின்றது. தம்பி மகன் வந்து ‘சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்’ என்று அடித்தான். எது எவ்வளவு நேரம் எடுத்தது என்கிற பட்டியலின் உச்சியில் ‘பிளைமவுத்-க்விட்-வெயிட்’. “இதான் பெரியப்பா, தூக்கிடலாம்” என்றான். அது பாவம், மற்றவர்கள் முடிக்கும்வரை லோகோவைக் காத்துக்கொண்டு நிற்கிற அப்பாவி. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும்போது அதிக நேரம் எடுத்தவன்தான் தாமதப்படுத்தினான் என்று எப்படிச் சொல்வது? (அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.)

மறுபடி பூட் செய்து எஸ்கேப் விசையைத் தட்டினேன். லோகோ விலகியது. சிவப்பு நட்சத்திரக் குறிகள் இடமும் வலமுமாக ஓட, பக்கத்தில் ஒரு விநாடிக் கணக்கு 1 நிமிடம் 30 விநாடியை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு ஸ்வாப் பகுதிக்காகக் காத்திருக்கிறதாம். முன்பு தம்பி மகன் பரீட்சார்த்தமாக இன்னொரு லினக்ஸை அதே வட்டில் போட்டிருந்தான். அதன் இன்ஸ்டாலர் ஸ்வாப்பைப் புதிதாக ஃபார்மேட் செய்ததில் ஸ்வாப்பின் அடையாளமான யுயுஐடி எண் மாறிவிட்டது. வட்டுப் பகுதிகளைப் பட்டியலிடும் பழைய லினக்ஸின் எஃப்எஸ்டேப் ஃபைலில் பழைய எண்ணே இருந்தது. காலி செய்துபோன வாடகைக்காரரின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் தபால்காரரைப்போல என் லேப்டாப் தினமும் ஒன்றரை நிமிடம் நின்றிருக்கிறது.

எண்ணை மாற்றினேன். தொண்ணூறு விநாடி போனது; இன்னொரு முப்பது பாக்கி நின்றது. ஹைபர்னேட்டிலிருந்து மீள்வதற்காக, பூட்டின் தொடக்கத்திலேயே ஏறும் இனிட்ராம்எஃப்எஸ்ஸிலும் அதே பழைய எண்ணை எழுதி வைத்திருக்கிறார்கள். அதையும் மாற்றி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்ததும் லாகின் திரை சட்டென்று வந்தது. பாஸ்வேர்டு அடித்து பிரவுசரைத் திறந்தேன். ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிய, இரண்டு நிமிடம் வெள்ளைத் திரை.

“எஸ்எஸ்டி போடுங்க பெரியப்பா” என்றான். “அதோட, இந்தக் காலத்துல யாரு ஷட்டவுன் பண்றாங்க? மூடி வச்சா தூங்கும், திறந்தா முழிச்சுக்கும்.”

என் லேப்டாப்பின் பேட்டரி செத்து வெகுகாலம் ஆகிறது. எங்கள் தெருவில் கரண்ட் போகிற நேரத்தை அவனுக்குச் சொன்னேன்.