சாமிப் படம் எண்டால் பிள்ளையள் பாக்கலாம்

எண்பதுகளில் எங்கள் பக்கத்துப் பெரியவர்களின் கணக்குப்படி, பிள்ளை கெடுவதற்கு இரண்டு வழிகள்தான் இருந்தன. ஒன்று, பொழுதுபட்ட பிறகு சந்தியில் நிற்பது. மற்றது, சினிமாப் படம் பார்ப்பது. இரண்டாவதற்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு: அது சாமிப் படமாக இருந்தால் பாதகமில்லை.

வன்னியிலுள்ள எங்கள் உருத்திரபுரத்துக்கோ பெயரிலேயே சிவன். ஊருக்குள் உருத்திரபுரீஸ்வரர் வேறு. சிவராத்திரியை விட்டுவிட முடியுமா? ஆனால் அது வருவது மாசியில், காலபோக அரிவு வெட்டில் முறிந்த உடம்போடு சனம் கிடக்கிற நேரத்தில். நாலு சாமமும் கண் முழிக்கத் தேவாரம் மட்டும் காணாது. ஆகவே ரிவி வரும், டெக் வரும், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் வரும். கோயில் வளவில் படங்கு விரித்தால் முதற்படம் எப்போதும் ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்'. 1965இல் வந்த படம். சிவாஜி சிவன், சாவித்திரி பார்வதி.

பகலில் சமயபாடத்தில் பஞ்சமாபாதகம் பாடமாக்கிய பிள்ளைகள் இரவில் அதைப் பார்த்தார்கள். கொலை, களவு, கள், காமம், பொய். கள் ஒன்றைத்தான் படத்தில் தேட வேண்டியிருந்தது.

தொடக்கமே மாம்பழம். உலகத்தைச் சுற்றி வா என்ற சொல்லை நம்பி முருகன் மயிலேறிப் போகிறார். பிள்ளையார் தாய் தகப்பனைச் சுற்றிவிட்டுப் பழத்தை வாங்கிக்கொள்கிறார். இதில் பெரியவர்கள் கண்ட பாடம், பெற்றோரே உலகம் என்பது. பொடியள் கண்ட பாடம் அடுத்தநாள் காலை தெரிந்தது. சீனி வாங்கிவரச் சொன்ன தாயை ஒருவன் மூன்று தரம் சுற்றிவிட்டு, மிச்சக் காசுக்குக் கையை நீட்டினான். அவனுக்குக் கிடைத்தது பழமல்ல, பூவரசங்கம்பு.

பிறகு புலவர் தருமி. கூந்தலுக்கு மணம் இயற்கையா செயற்கையா என்று பாண்டியனுக்குச் சந்தேகம். தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன். வேறு வேலையில்லாத அரசு போலும். தருமிக்குப் பாட்டு வராது. ஆனால் ஆசை வரும். சிவன் ஒரு பாட்டை எழுதிக் கொடுக்க, தன்னுடையது என்று கொண்டுபோய் நீட்டுகிறார். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு அது. அங்கே இறையனார் பெயர்தான் இருக்கிறது, தருமியின் பெயர் மருந்துக்கும் இல்லை. ரியூசன் மாஸ்ரர் எழுதிக் கொடுத்த கட்டுரையை வாசித்துப் பரிசு வாங்குகிறவனுக்கு இதற்கு மேல் என்ன ஆசீர்வாதம் வேண்டும்?

சபையிலே தன் வேலையைச் செய்தவர் நக்கீரர் ஒருவர். அந்த வேடத்தையும் நாகராஜனே கட்டினார், பிறரை நம்பவில்லைப்போல. பொருட்குற்றம் என்று அவர் சொல்ல, சிவன் என்ன பதில் வைத்திருந்தார்? முதலில் சங்கறுக்கும் குலம் என்று சாதியை இழுக்கிறார். நியாயம் தோற்கிற இடத்தில் எங்களூர் வேலிச் சண்டைகளும் அங்கேதான் போய் நிற்கும். அதற்கும் நக்கீரர் மசியவில்லை. நெற்றிக்கண் திறக்கிறது, மனுசன் எரிகிறார். பிறகு எழுப்பிவிட்டு, உன் தமிழைச் சோதித்தோம் என்கிறார்கள். பொன் தருமிக்கு. பிழையான பாட்டென்று சொன்னவருக்குச் சூடு, சொந்தமில்லாத பாட்டைக் கொண்டுவந்தவருக்குப் பரிசு. சனம் கைதட்டியது. பின்னாளில் வன்னியில் பிழையைப் பிழையென்று சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு எழுப்புகிற காட்சி மட்டும் எடுக்கப்படவில்லை.

தாட்சாயணி கதை வந்ததும் பெண்கள் பக்கம் நிமிர்ந்து உட்காரும். தகப்பன் வீட்டு யாகத்துக்குப் புருசன் சொல்லைக் கேளாமல் போனாள், அவமானப்பட்டு வந்தாள், அதற்கும் அதே நெற்றிக்கண். நக்கீரருக்கு நடந்த முறையேதான்: எரிப்பது, எழுப்புவது, விளையாட்டு என்பது.

"கலியாணவீட்டுக்குப் போய் வந்ததுக்கு எரிக்கிறதோ?" என்று ஒரு இளம் பெண் கேட்டாள்.

"யாகம் பிள்ளை, கலியாணவீடில்லை," என்றாள் பக்கத்திலிருந்த ஆச்சி. அவளுக்கு அது போதிய விளக்கமாக இருந்தது.

ஏமநாத பாகவதரை விரைவாகவே முடிக்கலாம். பாட்டுப் போட்டிக்கு வந்தவரைச் சிவன் விறகுவிற்பவராய் வந்து, முதல்நாள் இரவே திண்ணையில் பாடி வெருட்டித் துரத்துகிறார். அவரோடு பாட வேண்டிய பாணபத்திரருக்கு வாய் திறக்காமலே வெற்றி. பாகவதராக வந்த டி.எஸ். பாலையாவின் முகத்துக்காக அந்த அநியாயத்தை எத்தனை தரமும் பார்க்கலாம், அது வேறு.

இரண்டாவது கசெற் 'சரஸ்வதி சபதம்', 1966. கல்வியா செல்வமா வீரமா பெரியது என்று மூன்று தேவிமார் சண்டை. ஊமைக்குப் பேச்சும் புலமையும் ஒரே நொடியில். பிச்சைக்காரிக்கு யானை மாலை போட்டு அரசுரிமை. கோழைக்குத் திடீர் வீரம். எங்களூர்க் கணக்கு வாத்தியார் ஒருவரால் பொறுக்க முடியவில்லை.

"கல்வியைப் பற்றின படமாம். இதிலை பள்ளிக்கூடம் போன ஒருத்தரைக் காட்டுங்கோ பாப்பம்," என்றார்.

"மாஸ்ரர், சத்தம் போடாதேங்கோ, கசெற் ஓடுது," என்றார் கோயில் மனேச்சர்.

மூன்றாம் சாமத்துக்குக் 'கந்தன் கருணை'. பாதிச் சனம் படங்கிலேயே சரிந்துவிட்டது. முழித்திருந்தவர்கள் பார்த்தது: தெய்வானையைக் கட்டிய முருகன், வள்ளியிடம் கிழவன் வேடத்தில் போகிறார். அவள் மறுக்க, அண்ணனை யானையாக வரவழைத்து வெருட்டி, பயத்தில் வந்து கட்டிப்பிடித்தவளைக் கலியாணம் முடிக்கிறார். முன்வரிசையில் மீசை அரும்பிய ஒருவன் இதையெல்லாம் மனத்துக்குள் குறித்துக்கொள்வதைக் கண்ட ஆச்சி, அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"அது முருகன், மோனை. நீ செய்தா பொலிசிலை முறைப்பாடு."