கழித்தல் ஒன்றும் ஒரு கதை சொல்லும்

கேள்வி: 15 மீட்டர் உயர மாடியிலிருந்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பந்தை நேர்மேலே எறிந்தால், அது எப்போது தரையைத் தொடும்? போட்டுப் பார்த்தேன். 3 என்று ஒரு விடை, −1 என்று இன்னொரு விடை. ‘இரண்டாவதை அடித்துவிடு’ என்கிறார் டியூஷன் ஆசிரியர். ஏன் சார்?
– படிவம் 4 மாணவி, ஜொகூர் பாரு

பதில்: முதலில் ஒரு வேண்டுகோள்: பந்தைத் தாளில் மட்டும் எறியுங்கள். அடுக்குமாடிக்குக் கீழே யார் காராவது நிற்கும்!

புவியீர்ப்பை 10 என்று வைத்தால், உயரம் = 15 + 10நே − 5நே². ‘நே’ என்பது எறிந்தபின் கழிந்த விநாடி. தரையில் உயரம் பூஜ்யம். 5ஆல் வகுத்துக் காரணிப்படுத்தினால் (நே − 3)(நே + 1) = 0.

பந்து கையை விட்டது பூஜ்யமாவது விநாடியில். அதற்கு முன் நடந்ததைக் கேள்வி கேட்கவில்லை. அதனால் ஆசிரியர் சொன்னபடி அடித்துவிடுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் −1 பொய்யில்லை, பந்தின் முற்பிறவி! மாடியே இல்லாமல், ஒரு விநாடி முன்பு தரையிலிருந்து விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் எறிந்திருந்தாலும், பந்து இதே நேரத்தில் இதே உயரத்தை இதே வேகத்தில் கடந்திருக்கும். −1க்கும் 3க்கும் நடுவே 1. அந்த விநாடியில்தான் உச்சி, 20 மீட்டர்.

‘முன்பே கிளம்பியிருக்கணும்’ என்ற விடையின் அருமை, காலையில் சிங்கப்பூர் வேலைக்குக் கடற்பாலம் கடக்கும் உங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியாதா என்ன!