உப்புக் காற்றில் ஒரு பெடல்

கேள்வி: கோயில் திருநாள் இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கிறேன். கையால் செய்த விலைகூடிய ஓவர்டிரைவ் பெடல் வாங்கினால் சத்தம் திறமாகுமா? (வாசகர், குருநகர்)

பதில்: ஆகும் தம்பி, ஆனால் முதலில் விரல் திறமாக வேண்டும்! கிற்றாரின் மெல்லிய மின்னலையைப் பெருக்கி, அதன் உச்சியை டயோட்டால் மழுக்குவதுதான் ஓவர்டிரைவின் சங்கதி. 1979இல் வந்த ஐபனேஸ் ரியூப் ஸ்கிறீமர் பெடலும் அதைத்தான் செய்கிறது. அமெரிக்கர் பில் ஃபினகன் 1994இல் விற்கத் தொடங்கிய குளோன் சென்ரோர் என்ற கைவேலைப் பெடலின் உள்சுற்றைப் பிசின் ஊற்றியே மூடினார். அதையும் கிண்டிப் பார்த்து நகல் எடுத்துவிட்டார்கள். அந்த நகல்களே அருமையாக ஒலிக்கின்றன, ஒன்றை வாங்கும். மிச்சக் காசில் நல்ல வயரும் இறுக்கமாக மூடும் பெட்டியும் எடும். உங்கள் கடற்கரைக் காற்றில் ஜாக் பச்சை பூத்தால் எந்தப் பெடலும் கரகரக்கும், ஓவர்டிரைவை அமத்தினாலும்!