அறக்குளாவுக்குச் செதிளோ?

மாமி வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் மெசினில் கிடக்கிற மீனைத் துணி போட்டு மூடிவிடுவேன். பயனில்லை. முல்லைத்தீவில் பிறந்தவவுக்கு மீனை ஒளிக்க முடியுமா?

மாமிக்கு ஊசியில் நூல் கோர்க்க வராது. ஆனால் எதைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும் என்று மட்டும் பிசகாமல் தெரியும். 1877 இல் சிங்கர் இலங்கைக்கு வந்தபோதே மெசினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கிற இவர்களும் வந்திருக்க வேண்டும்.

நான் தைப்பது மீன் போர்வை. மேலே வெட்டுத்துண்டு மீன்கள், நடுவில் பழைய கம்பளி, அடியில் அம்மாவின் நூல்சீலை. மெசின் பல்லை இறக்கிவிட்டுத் துணியைக் கையாலேயே நகர்த்தித் தைக்க வேணும். கை போன பக்கம் கோடு போகும். கை ஒருபக்கம் கால் ஒருபக்கம் போனால் நூல் அறும்.

முதல் மீன் அறக்குளா. இரண்டு நாளாய்க் குனிந்திருந்து, சாம்பல் நூலில் அரைவட்டம் அரைவட்டமாக உடம்பு முழுக்கச் செதிள் தைத்தேன். மாமி சந்தையில் செய்வதுபோல வாலிலிருந்து தலைப்பக்கமாகப் பெருவிரலால் உரஞ்சிப் பார்த்தா.

"பிள்ளை, அறக்குளாவுக்குச் செதிளோ?"

"வடிவுக்கு மாமி."

"உன்ர வடிவுக்கு மீன் என்ன செய்யும்? பிரி."

அறக்குளாவுக்குச் செதிள் சுரண்டுவதில்லை என்று எனக்கும் தெரியும். அதுதான் இன்னும் எரிச்சல். இந்தத் தையலைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கே தெரியும்: வட்டத்துக்கு மேல் வட்டம், மூன்று அடுக்குத் துணி, கையில் பாதி பிளேட். நூல் போனாலும் ஊசித் துளை போகாது. மாமி தேத்தண்ணியைக் குடித்தபடி, "அந்தா, அங்க ஒண்டு கிடக்கு" என்று காட்டிக்கொண்டிருப்பா.

அடுத்தது பாரை. "வாலடியில கையைக் கிழிக்கிற செதிள் எங்க? இல்லாததுக்கு வைக்கிறாய், இருக்கிறதுக்கு வைக்கிறாயில்லை." கண்ணுக்கு வெள்ளை நூலில் முடிச்சுப் போட்டிருந்தேன். "மூண்டு நாள் ஐஸில கிடந்த கண்." கறுப்பில் மாற்றி நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். "இப்ப காய்ச்சலாம்."

திலாப்பியாவைக் கண்டதும் கதிரையைத் தள்ளிப் போட்டா. 1952 இல் இலங்கைக்கு வந்து, இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளம் குளமாகப் பெருகிய மீனுக்கு மாமியிடம் இன்னும் குடியுரிமை கிடைக்கவில்லை.

"உங்கட மருமகன் விரும்பிச் சாப்பிடுறவரெல்லோ?"

"அதுதான் அவருக்கு ஒண்டும் விளங்கிறேல்ல."

மாமி, இது போர்த்துக்கொண்டு படுக்க. குழம்பு வைக்க இல்லை. இரண்டு வற்றாப்பளைப் பொங்கல் போய்விட்டது, முடிந்தது நாலு மீன். உங்களை யார் கேட்டது?

போன கிழமை மாமி வவுனியாவுக்கு, மகள் வீட்டுக்குப் போனா. ஒரே நாளில் ஒரு திருக்கை தைத்து முடித்தேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரவு போன் எடுத்தேன்.

"மாமி, திருக்கை முள் வால் நுனியிலயோ, அடிப்பக்கமோ?"

"அடிப்பக்கமாத்தான். நுனியில வச்சிட்டியோ?"

"ஓம்."

"இப்ப பிரிக்காத. வெள்ளிக்கிழமை நான் வந்தாப்போல பிரி."