நெஞ்சைத் தொட்டுக் கேளுங்கள்!

இழைமணி கலத்துக்குச் சக்தி தரும் உறுப்பு என்று படித்தோம். இன்னும் அதேதானா? (மாணவர், வெள்ளவத்தை)

அதேதான், தம்பி. ஆனால் இப்போது தூதும் அனுப்புகிறது! அதன் டிஎன்ஏயில் 37 மரபணுக்கள். புரதம் செய்பவை 13தான் என்று வெகுகாலம் கணக்கு. 2001இல் ஜப்பானில் நிஷிமோட்டோ குழு, அல்சைமர் நோயாளியின் மூளையில் நோய் விட்டுவைத்த பகுதியைத் துழாவி இழைமணி டிஎன்ஏயிலேயே குறிப்பு எழுதப்பட்ட ‘ஹியூமனின்’ என்னும் குட்டிப் புரதத்தைக் கண்டது. வெறும் 24 அமினோ அமிலங்கள். கணக்குப்பிள்ளைகள் கணக்கைத் திருத்தினார்கள்.

மூளையில் கிடைத்ததற்கும் நெஞ்சுக்கும் என்ன உறவு? (வாசகி, கொட்டாஞ்சேனை)

நெருங்கிய உறவு. இதயத் தசைக் கலத்தின் கொள்ளளவில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இழைமணிதான். லீவு எடுக்காத தொழிலாளிக்கு அத்தனை சக்தி வேண்டும். ஹியூமனின் இரத்தக் குழாயின் உட்சுவரிலும் உண்டு. ஒட்சியேறிய கெட்ட கொழுப்பு தாக்கும்போது அந்தச் சுவர்க் கலங்களைக் காக்கிறது. மாரடைப்பு உண்டாக்கிய எலிகளுக்கு இதன் வலுவூட்டிய உருவைக் கொடுத்தபோது இதயச் சேதம் குறைந்தது. ‘எலிகளுக்கு’ என்பதை அடிக்கோடிடுங்கள்.

மொட்ஸ்-சி ஊசி இணையத்தில் விற்கிறார்களே, போடலாமா? (வாசகர், பம்பலப்பிட்டி)

கையை மடக்குங்கள்! ஹியூமனின் போலவே இழைமணி அனுப்பும் இன்னொரு தூது, 2015இல் கலிபோர்னியாவில் லீயும் கோஹனும் அறிவித்த 16 அமினோ அமிலச் சரக்கு அது. இதயத்தின் முடியுருநாடிச் சுவர் பழுதானவர்களின் இரத்தத்தில் குறைவாக இருந்தது உண்மை. ஆனால், குறைந்ததை ஊசியால் நிரப்பினால் நோய் போகும் என்று மனிதரில் எவரும் நிறுவவில்லை. உடற்பயிற்சி செய்தால் தசையிலேயே கூடுகிறது. கொழும்பு மரைன் டிரைவில் மாலை நடைக்குக் கட்டணம் இல்லை, ஊசிக்குத்தும் இல்லை.

அப்பாவுக்கு இதய நோய். இழைமணி தாய்வழிதானே, நான் தப்பினேனா? (வாசகர், வெள்ளவத்தை)

இழைமணி அம்மா வீட்டுச் சீதனம், சரி. மற்றச் சொத்தில் பாதி அப்பா எழுதியதாயிற்றே! 2009இல் ஹைதராபாத்தின் தங்கராஜ் உள்ளிட்ட குழு, இதயத் தசைப் புரத மரபணு ஒன்றில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவத்தைத் தெற்காசியரில் நூற்றுக்கு 4 பேரளவில் கண்டது. முதிர்வயதில் இதயத்தைத் தளர்த்தும் அது, அப்பாவிடமிருந்தும் வரும். ஈசிஜி, எக்கோ எடுங்கள்.

இரவில் நெஞ்சடைத்து வியர்த்தால் என் கணவர் ‘வாய்வு’ என்று இஞ்சித் தண்ணீர் குடிக்கிறார். சரியா? (வாசகி, கொட்டாஞ்சேனை)

இஞ்சியைக் கீழே வையுங்கள், 1990ஐ அழுத்துங்கள். இலங்கையின் சுவசெரிய அம்புலன்ஸ், காசில்லை. நாடி அடைபட்டிருந்தால் ஒவ்வொரு நிமிடமும் தசை சாகிறது. இதைப் போய்த் தபாலில் கேட்டீர்களே, தங்கச்சி!